ஹீட் கன்னா, சால்டரிங் அயர்னா?

பர்ட் ரூட்டன் 1970களில் வடிவமைத்த வேரிஈஸி, லாங்-ஈஸி விமானங்களை அமெரிக்காவில் பலர் வீட்டுக் கார் ஷெட்டிலேயே கட்டினார்கள். பாலிஸ்டைரீன் நுரைக்கட்டையைச் சூடான கம்பியால் இறக்கை வடிவில் அறுத்து, மேலே கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியில் நனைத்து ஒட்டுவது முறை. போல்ட் பூட்டும் இடங்களில் உலோகத் தகடுகளையும் எபாக்ஸி கொண்டே ஒட்டுவார்கள். அப்படி ஒட்டிய தகடு இடம் தவறிவிட்டால் எப்படி எடுப்பது? உளியை வைத்து நெம்பினால் தகடு வருவதற்கு முன்பே கண்ணாடி இழை உரிந்து வரும். சூடு காட்டித்தான் எடுக்க வேண்டும்.

அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி உருகுவதில்லை; 60–80 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிப் பிடியை விடும். (இந்த விமானங்களுக்கு வெள்ளைப் பெயின்ட் அடிப்பதே வெயில் சூடு அந்த எல்லையைத் தொடாமலிருக்கத்தான்.) பாலிஸ்டைரீனோ 100 டிகிரியை நெருங்கினால் சுருங்கிவிடும். நமக்குக் கிடைக்கும் இடைவெளி அவ்வளவுதான்.

ஹீட் கன் முனையில் காற்று பல நூறு டிகிரியில் வருகிறது. அந்தச் சூடு தகட்டோடு நிற்காமல் சுற்றிலும் பரவும். கனமான தகடு சூடேற நேரமாகும். அதற்குள் பக்கத்திலிருக்கும் மெல்லிய கண்ணாடி இழைத் தோல் வெந்துவிடும். அடியில் நுரை உள்வாங்கியிருந்தாலும் மேலே ஒன்றும் தெரியாது. நாணயத்தால் தட்டிப் பார்த்தால் மந்தமாக ஒலிக்கும், அப்போதுதான் புரியும்.

சால்டரிங் அயர்ன் உலோகத்தை மட்டும் தொடுகிறது. சூடு தகட்டின் வழியே நேராகப் பசைக்கு இறங்குவதால் முதலில் இளகுவது பசைதான். பசையால் ஒட்டிய நட்-பிளேட் (நட் பொருத்திய சிறு தகடு) போன்ற சிறு துண்டுகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பெரிய அலுமினியத் தகடு வந்தால் கதை மாறும்: சூட்டை அது எல்லாப் பக்கமும் இழுத்துக்கொள்ளும், 25 வாட் அயர்ன் திணறும். வாட் கூடிய அயர்னை எடுக்கலாம். அல்லது தகட்டுத் துளையில் போல்ட்டை முடுக்கி அதன் தலையைச் சூடாக்கலாம். எஃகு நேர்மாறு. அதில் சூடு மெதுவாகப் பரவுவதால் அயர்னை ஒரே இடத்தில் வைக்காமல் நகர்த்த வேண்டும்.

ஆகவே சிறு துண்டுக்குச் சால்டரிங் அயர்ன், சந்தேகமே இல்லை. பெரிய தகட்டுக்கு வேறு வழியில்லை என்றால் மட்டும் ஹீட் கன். அதுவும் சுற்றிலும் ஈரத்துணி போர்த்தி, வெப்பமானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெட்ரோல் டாங்க்கைக் காலி செய்து உள்ளிருக்கும் ஆவியையும் வெளியேற்றிய பிறகு. நுரைமேல் நேரடியாக ஒட்டிய தகட்டுக்கு ஹீட் கன்னை எடுக்கவே வேண்டாம்.