ஃபுட்பால் ஒரு "சாஃப்ட்" ஆட்டமா? 160 வருடப் பஞ்சாயத்து

"சார், ரக்பி, குத்துச்சண்டை எல்லாம் பார்த்துட்டு ஃபுட்பால் பார்த்தா சிரிப்பா வருது. லேசா தட்டினாலே கீழே விழுந்து உருள்றாங்க. சாஃப்ட் கேம் தானே?"

டூட்டி அறையில் ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது.

அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் நீண்ட த்ரெட். பொறுமையாகப் படிங்க.

இந்தக் கேலி புதுசு இல்லை. நவீன கால்பந்து பிறந்தபோதே கூடப் பிறந்தது.

1863 ஆம் ஆண்டு லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன் என்ற விடுதியில் பல கிளப்கள் கூடி, கால்பந்துக்குப் பொது விதிகள் எழுத உட்கார்ந்தன. பெரிய சண்டை "ஹாக்கிங்" பற்றி. அதாவது, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே பூட்ஸ் காலால் வேண்டுமென்றே உதைப்பது!

பெரும்பான்மை "இனி உதை வேண்டாம்" என்றது. பிளாக்ஹீத் கிளப்புக்குக் கோபம். உதை இல்லையென்றால் ஆட்டத்தில் வீரமே போய்விடும் என்று வாதாடித் தோற்று வெளியேறியது. 1871 இல் ரக்பி யூனியனைத் தொடங்கிய கிளப்களில் பிளாக்ஹீத்தும் ஒன்று.

வேடிக்கை என்னன்னா, அந்த ரக்பி யூனியனும் தன் முதல் விதிகளிலேயே ஹாக்கிங்கைத் தடை செய்துவிட்டது.

உதை போன கால்பந்து உலகம் முழுக்கப் பரவியது. மட்டை வேண்டாம், பேட் வேண்டாம், ஒரு பந்து போதும். இன்று ஐநா சபையில் இருப்பது 193 நாடுகள். ஃபிஃபாவில் இருப்பது 211 சங்கங்கள். வேறு எந்த ஆட்டமும் பக்கத்தில் நிற்க முடியாத பிரபலம் இது.

சரி, அப்போ சாஃப்ட் தானா?

1956 எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டி. மான்செஸ்டர் சிட்டி கோல்கீப்பர் பெர்ட் ட்ராட்மன் எதிரணி வீரரோடு மோதிக் கீழே விழுகிறார். ஆட்டம் முடிய இன்னும் கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அன்று மாற்று ஆட்டக்காரர் என்ற விதியே கிடையாது. கழுத்தைப் பிடித்துக்கொண்டே கோலைக் காத்தார். அணியும் ஜெயித்தது.

சில நாள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் தெரிந்தது... கழுத்தெலும்பு முறிந்திருந்தது.

நல்லவேளை, அது எலும்பு. எக்ஸ்ரேயில் தெரியும். தெரியாத காயத்தை என்ன செய்வது?

1928 இல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், தலையில் குத்து வாங்கி வாங்கி நடை தள்ளாடும், புத்தி மந்தமாகும் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். உலகம் நம்பியது. ஏன்னா குத்து கண்ணுக்குத் தெரிகிறது.

பந்தைத் தலையால் முட்டுவதை யாரும் குத்தாக நினைக்கவில்லை.

ஜெஃப் ஆஸ்ல். வெஸ்ட் ப்ராம்விச் ஆல்பியன் அணியின் நட்சத்திரம். ஹெட்டிங்கில் கில்லாடி. 1968 எஃப்.ஏ. கோப்பையை வென்று தந்த கோல் இவருடையது. 2002 ஜனவரியில் டிமென்ஷியாவோடு இறந்தபோது வயது 59 தான். மரண விசாரணை அதிகாரி கொடுத்த தீர்ப்பு: "தொழில்சார் நோய்".

ஆம். சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரல் கெடுவது போல, பந்தை முட்டியே மூளை கெட்டது என்று பொருள்.

அதே 2002 செப்டம்பரில் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டர் 50 வயதில் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்த பென்னட் ஒமாலு 2005 இல் முடிவை வெளியிட, பெரும் சர்ச்சை, வழக்கு, 2013 இல் 76.5 கோடி டாலர் இழப்பீட்டு ஒப்பந்தம் என்று அங்கே விஷயம் வேகமெடுத்தது.

நம்ம சாஃப்ட் ஆட்டம்? மெதுவாகத்தான் விழித்தது.

2019 இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழு, ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டது. மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு வீரர்களுக்குச் சுமார் மூன்றரை மடங்கு! 2021 இல் வந்த தொடர் ஆய்வில் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு ஆபத்து அதிகம். அதிகம் ஹெட்டிங் செய்யாத கோல்கீப்பர்களுக்கோ, பொதுமக்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை.

1966 உலகக்கோப்பையை வென்ற இங்கிலாந்து பதினொருவரில் ஐந்து பேருக்கு டிமென்ஷியா வந்தது. பாபி சார்ல்டனும் அதில் ஒருவர்.

இன்னொன்று. 2014 உலகக்கோப்பை இறுதிப்போட்டி. ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் முகத்தில் மோதல். எழுந்து ஆடினார். கொஞ்ச நேரத்தில் நடுவரிடம் போய்க் கேட்டார்: "இது இறுதிப்போட்டியா?"

31 ஆவது நிமிடத்தில்தான் வெளியே அழைத்தார்கள்.

ரக்பியில் தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் வீரரை வெளியே கூட்டிப்போய்ச் சோதிக்கிறார்கள். அதுவரை வேறொருவர் ஆடுவார். கிரிக்கெட்டில் ஃபில் ஹியூஸ் 2014 இல் பந்து பட்டு இறந்தார். 2019 முதல் கன்கஷன் மாற்று வீரர் வந்துவிட்டார். கால்பந்திலோ 2021 இல் சோதனையாகத் தொடங்கி, 2024 இல்தான் விதிப்புத்தகத்தில் நிலையான இடம்.

முரட்டு ஆட்டம் என்று பெயர் எடுத்தவை பயந்து விதி செய்தன. சாஃப்ட் என்று பெயர் எடுத்தது அசட்டையாக இருந்துவிட்டது. இதுதான் அந்தக் கேலியின் விலை.

உடனே பிள்ளையின் பந்தைப் பிடுங்கி பரணில் போட்டுடாதீங்க. அதே கிளாஸ்கோ ஆய்வில் வீரர்களுக்கு இதய நோய் மரணமும் நுரையீரல் புற்றுநோய் மரணமும் குறைவு. மேலும் அது பல்லாண்டு தொழிலாக ஆடியவர்கள் கணக்கு. சாயங்காலம் மைதானத்தில் ஓடும் பிள்ளையின் கணக்கு அல்ல.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஹெட்டிங் பயிற்சி வேண்டாம். அமெரிக்காவில் 10 வயது வரை தடையே உண்டு.

எந்த ஆட்டமானாலும் தலையில் அடிபட்டு குழப்பம், தலைசுற்றல், நடந்தது மறந்துபோதல் இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மருத்துவரிடம் காட்டுங்க. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனை.

"ஆம்பளப் பையன், தாங்கிக்குவான்" என்று மட்டும் சொல்லாதீங்க. பிளாக்ஹீத் கிளப்காரர்கள் 1863 இல் பேசிய அதே வாதம் அது. மூளைக்கு அது புரியாது.