இளநிலை மாணவரும் ஆய்வு வாய்ப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

பட்டம் பெற்ற பின்னரே ஆய்வு தொடங்கும் என்பது இந்திய உயர்கல்வியில் நெடுங்காலம் நிலைபெற்றிருந்த கருத்தாகும். இதற்கு மாறான சான்றாகச் சுட்டப்பெறுபவர் இயற்பியலறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருடைய மாணவப் பருவம், இளநிலை ஆய்வு எவற்றைச் சார்ந்து நிகழ்கிறது என்பதை அறியத் துணைபுரிகிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1928ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையைக் கல்கத்தாவில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் கழித்தார். அவ்வாண்டிலேயே சென்னைக்கு வந்த செருமானிய அறிஞர் சோமர்ஃபெல்டைச் சந்தித்து, புதிய குவாண்டம் கொள்கையை அறிந்துகொண்டார். அதன் வழியில் அவர் காம்ப்டன் சிதறல் குறித்து எழுதிய கட்டுரை, கேம்பிரிட்ஜ் அறிஞர் ஃபவுலரின் வாயிலாக இலண்டன் இராயல் கழக இதழில் 1929இல் வெளிவந்தது. அவர் பட்டம் பெற்றதோ 1930இல்தான்.

சந்திரசேகரின் ஆற்றலில் ஐயமில்லை. எனினும் ராமன் அவருக்குச் சிறிய தந்தையார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அத்தகைய உறவு வாய்க்காத மாணவர் எதனைச் சார்ந்து ஆய்வுக்குள் நுழைவது என்னும் வினா இங்கு எழுகிறது.

இவ்வினாவுக்கு நிறுவன வழியில் விடைகண்ட முன்னோடி முயற்சி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்கரெட் மெக்விகர் 1969இல் தொடங்கிய திட்டமாகும். இளநிலை மாணவர் பேராசிரியரின் ஆய்வில் நேரடியாகப் பங்கேற்க அது வகைசெய்தது. இந்தியாவில் 1999இல் தொடங்கப்பெற்ற கிஷோர் வைக்ஞானிக் புரோத்சாஹன் யோஜனா, அறிவியல் மாணவர்க்கு உதவித்தொகை வழங்கி, 2022இல் இன்ஸ்பயர் திட்டத்துடன் இணைக்கப்பெற்றது. மூன்று அறிவியல் அகாதெமிகள் இணைந்து நடத்திய கோடைக்கால ஆய்வுத் திட்டம், மாணவருடன் ஆசிரியர்க்கும் இடமளித்தது சிறப்பிற்குரியது. வழிகாட்டியும் ஆய்வில் தோய்ந்திருத்தல் வேண்டும் என்னும் உண்மையை அது உணர்ந்திருந்தது.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டுப் பட்டப்படிப்பு நெறிமுறை, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் மதிப்பெண் பெற்றோர் நான்காம் ஆண்டில் ஆய்வைத் தெரிவுசெய்யலாம் என்கிறது. இதனால் ஆய்வு வாய்ப்பு உறவின் பிடியினின்று விலகி, விதியின்பாற்பட்டதாகிறது. ஆயினும் தேர்வில் மிளிர்வதும் புதிய வினாவை எழுப்புவதும் வெவ்வேறு திறன்கள். மேலும், ஆய்வுக்கு நேரமும் நூலகமும் ஆய்வகமும் வாய்க்காத கல்லூரி ஆசிரியர் மாணவர்க்கு வழிகாட்டுதல் அரிது. ஆகவே, சந்திரசேகருக்கு உறவினாலும் நற்பேற்றினாலும் கிட்டிய அறிஞர் அண்மையை எல்லா மாணவர்க்கும் உரியதாக்க வேண்டின், ஆசிரியரை ஆய்வாளராக்குவதே முதற்பணி என்பது இவ்வரலாற்றால் பெறப்படும்.