பெயருக்கு முன் ‘டாக்டர்’, பெயருக்குப் பின் ‘எம்.டி.’: அமெரிக்க மருத்துவ நிறுவனங்களில் பெயர் எழுதும் விதிகள் வளர்ந்த வரலாறு

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி, ஆராய்ச்சிக்கூடம், மருத்துவமனைகள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் நடத்தும் பெரிய நிறுவனங்கள் பல, தமக்கென ஒரு நடைக் கையேடு வைத்திருக்கின்றன. செய்தி அறிக்கை முதல் ஆண்டு மலர் வரை யாருடைய பெயரை எப்படி அச்சிடுவது என்பதை அது வரையறுக்கிறது. முதல் குறிப்பில் முழுப்பெயரும் அதன் பின்னே பட்டமும் வர வேண்டும். அடுத்த குறிப்பில் குடும்பப்பெயர் மட்டும், அல்லது அதற்கு முன் ‘டாக்டர்’. முன்னால் டாக்டரும் பின்னால் எம்.டி.யும் ஒரே பெயரில் சேர்ந்து வரக்கூடாது. பதவிப்பெயர் ஆளின் பெயருக்கு முன் வந்தால் ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. பின்னால் வந்தால் சிறிய எழுத்து.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை மெய்ப்புத் திருத்துபவர்களின் கவலைகள். வரலாற்றோடு சேர்த்துப் படிக்கும்போது இவற்றின் பின்னால் இருநூற்றைம்பது ஆண்டுப் போட்டியும் ஒதுக்கலும் தெரிகின்றன. யாருக்குப் பட்டம் சூட்டுவது, யாருக்கு விடுவது என்பதை எழுதுபவரின் மனப்போக்குக்கு விட்ட காலத்தில் அநீதி சத்தமில்லாமல் நடந்தது. ஒரே விதி எல்லோருக்கும் என்று எழுதிவைக்கப்பட்ட பிறகுதான் மீறல் மீறலாகக் கண்ணுக்குத் தெரிந்தது. இதுவே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

பட்டமில்லாத டாக்டர்கள்

இங்கிலாந்தில் மருந்து கொடுப்பவரும் கத்தி பிடிப்பவரும் வெவ்வேறு சாதியினரைப்போல வாழ்ந்தார்கள். மருத்துவர்களுக்கு 1518இல் அரச கல்லூரி அமைந்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற அவர்கள் ‘டாக்டர்’. அறுவை மருத்துவர்களோ 1540 முதல் நாவிதர்களுடன் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். 1745இல் அவர்கள் பிரிந்து வந்தபோதும், 1800இல் தமக்கென ஓர் அரச கல்லூரி பெற்றபோதும், ‘மிஸ்டர்’ என்ற அழைப்பு மாறவில்லை. இன்றும் பிரிட்டனில் அறுவை மருத்துவர்கள் அதைப் பெருமையோடு வைத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பிரிவினை அட்லாண்டிக்கைக் கடந்து வேர்பிடிக்கவில்லை. குடியேற்ற நாடுகளில் எலும்பு கட்டுவதும், பல் பிடுங்குவதும், மருந்து அரைப்பதும், பிரசவம் பார்ப்பதும் ஒரே ஆளின் வேலை. அவரை ஊரார் டாக்டர் என்றே அழைத்தார்கள். விடுதலைப் போர் தொடங்கிய காலத்தில் ஏறத்தாழ 3,500 பேர் மருத்துவம் பார்த்துவந்தார்கள் என்றும், அவர்களில் முறையான மருத்துவக் கல்வி பெற்றவர்கள் சுமார் 400 பேர்தான் என்றும் வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். ஜான் மார்கன் 1765இல் பிலடெல்பியாவில் முதல் மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். நியூயார்க்கின் கிங்ஸ் கல்லூரி 1770இல் எம்.டி. பட்டம் வழங்கியது. படித்தவர் கூட்டம் பெருகப்பெருக, படிக்காத டாக்டரிடமிருந்து தம்மைப் பிரித்துக்காட்ட அவர்களுக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. பெயருக்குப் பின்னால் நிற்கும் இரண்டெழுத்து அந்த வேலையைச் செய்தது. வாயால் அழைக்கும் ‘டாக்டர்’ ஊரார் கொடுப்பது, எழுத்தில் நிற்கும் ‘எம்.டி.’ கல்லூரி கொடுப்பது என்ற இந்தப் பிளவை இன்றைய கையேடுகளும் சுமந்துகொண்டிருக்கின்றன.

அச்சில் ஒதுக்கப்பட்டவர்கள்

அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்ணான எலிசபெத் பிளாக்வெல் 1849 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் ஜெனிவா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றபோது, லத்தீன் வாசகத்தில் இருந்த ஆண்பால் விளியைக் கல்லூரித் தலைவர் பெண்பாலாக மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைய நியூயார்க் நகரில் ‘பெண் மருத்துவர்’ என்ற பலகை கருக்கலைப்பு செய்பவர்களையே குறித்தது. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரின் களங்கத்தோடும் பிளாக்வெல் போராட வேண்டியிருந்தது.

ரெபெக்கா லீ கிரம்ப்ளரின் கதையை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். 1864இல் பாஸ்டனில் இருந்த நியூ இங்கிலாந்து பெண்கள் மருத்துவக் கல்லூரி அவருக்கு வழங்கிய பட்டத்தின் பெயர் ‘டாக்ட்ரெஸ் ஆஃப் மெடிசின்’. டாக்டருக்குப் பெண்பால் விகுதி ஒட்டித் தனி வரிசையில் நிறுத்தும் பட்டம் அது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் அவர் ரிச்மண்டுக்குப் போய், விடுதலை பெற்ற அடிமைகளுக்கு மருத்துவம் பார்த்தார். 1883இல் தாய்சேய் நலம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் முகப்புப் பக்கத்தில் அவர் பெயருக்குப் பின் அச்சாகியிருப்பது ‘எம்.டி.’. கல்லூரி கொடுத்த விகுதி அங்கே இல்லை. தன் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்த அந்த ஒரு வரியை, பெயர் விதிகளின் வரலாற்றில் முக்கியமான ஆவணமாகவே நான் கருதுகிறேன்.

அதற்கு நேர்மாறான ஆவணமும் உண்டு. 1847இல் தோன்றிய அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகள் பல, கறுப்பின மருத்துவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் 1895இல் அவர்கள் தேசிய மருத்துவச் சங்கத்தைத் தனியாக அமைத்தார்கள். பழைய சங்கம் 1906இல் நாட்டிலுள்ள மருத்துவர்களின் பெயர்ப்பட்டியலை நூலாக வெளியிடத் தொடங்கியது. அதில் கறுப்பின மருத்துவர்களின் பெயரோடு, நிறத்தைச் சுட்டும் ‘கல்.’ என்ற சுருக்கக் குறி சேர்க்கப்பட்டது. படித்த கல்லூரி, உரிமம் பெற்ற ஆண்டு ஆகியவற்றுக்கு நடுவே அதுவும் ஒரு விவரமாக நின்றது. அச்சுக்கோப்பவருக்கு அது ஒரு சுருக்கக் குறி. அந்த நூலைப் பார்த்து ஆள் எடுப்பவருக்கும், நோயாளியை அனுப்பிவைப்பவருக்கும் அது கதவடைக்கும் தாழ்ப்பாள். 1930களின் இறுதிவரை இந்த வழக்கம் நீடித்தது. 2008இல் சங்கம் தன் இனப்பாகுபாட்டு வரலாற்றுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

பட்டங்கள் பெருகிய காலம்

1910இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து எழுதிய அறிக்கை, தரமற்ற பள்ளிகள் பலவற்றுக்கு மூடுவிழா நடத்தியது. எம்.டி. என்றால் இன்ன தகுதி என்ற உறுதி வந்தது. மூடப்பட்டவற்றில் கறுப்பின மாணவர்களுக்கான பள்ளிகளும் இருந்தன என்பதை இங்கே மறக்கக்கூடாது.

அதே காலத்தில் வேறொரு பட்டம் வளர்ந்தது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் தொடங்கிய ஆஸ்டியோபதிப் பள்ளி எம்.டி.யைத் தவிர்த்து ‘டி.ஓ.’ வழங்கியது. எம்.டி.கள் அவர்களைப் பல்லாண்டுகள் தீண்டத்தகாதவர்களாகவே நடத்தினார்கள். 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் நடந்தது விசித்திரமானது. அம்மாநிலத்தின் எம்.டி. சங்கமும் டி.ஓ. சங்கமும் இணைந்தபோது, 2,000க்கும் மேற்பட்ட டி.ஓ.க்கள் 65 டாலர் கட்டணம் செலுத்தி எம்.டி. ஆனார்கள். கை அதே கை, அறிவு அதே அறிவு. மாறியவை பெயருக்குப் பின்னிருந்த எழுத்துகள் மட்டுமே. இன்று இரு பட்டங்களுக்கும் ஒரே உரிமை. கையேடுகளும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கின்றன.

இதன் பிறகு வரிசை நீண்டது. டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் 1965இல் கடற்படையின் முன்னாள் மருத்துவப் பணியாளர்கள் நால்வரைக்கொண்டு மருத்துவர் உதவியாளர் படிப்பைத் தொடங்கினார். மருந்தாளுநருக்கும் இயன்முறை மருத்துவருக்கும் முனைவர் நிலைப் பட்டங்கள் வந்தன. உயர்நிலைச் செவிலியப் பணிக்கு முனைவர் நிலைப் பட்டமே அடிப்படையாக வேண்டும் என்று செவிலியக் கல்லூரிகளின் சங்கம் 2004இல் பரிந்துரைத்தது. இப்போது ஒரே நோயாளியின் கட்டிலைச் சுற்றி நான்கைந்து ‘டாக்டர்’கள் நிற்க முடியும், அவர்களில் மருத்துவர் ஒருவராக மட்டும் இருக்கலாம். கலிபோர்னியாவின் தொழில்சட்டத்தில் 2054ஆம் பிரிவு, மருத்துவ உரிமம் இல்லாதவர் தம்மை மருத்துவர் என்று எண்ணவைக்கும்படி ‘டாக்டர்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. படுக்கையில் இருப்பவருக்குத் தன் முன் நிற்பவர் யார் என்று தெரிந்தாக வேண்டும். உழைத்துப் பெற்ற பட்டத்தை மறைக்கச் சொல்வதும் நியாயமில்லை. முன்னால் ‘டாக்டர்’ போடாமல் பின்னால் பட்டத்தையும் அடுத்துப் பணியையும் எழுதுங்கள் என்று சொல்லும் கையேடுகள் இந்தச் சிக்கலுக்கு நேர்மையான வழி கண்டிருக்கின்றன.

இரண்டு வேதங்கள்

அமெரிக்க மருத்துவ நிறுவனங்களின் செய்திப் பிரிவு ஒரு நூலையும் ஆராய்ச்சிப் பிரிவு இன்னொரு நூலையும் பின்பற்றுவது வழக்கம். அசோசியேட்டட் பிரஸ் நடைநூல் 1953 முதல் நாளிதழ்களின் வழிகாட்டி. மருத்துவர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர் போன்றோருக்கு மட்டுமே அது முன்னொட்டாக ‘டாக்டர்’ தரும், பிஎச்.டி. பெற்றவருக்குத் தராது. 1962இல் சிறு கையேடாகத் தோன்றி, 2020இல் பதினோராம் பதிப்பு கண்ட அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நடைநூலோ பட்டத்தைப் பெயருக்குப் பின்னே வைக்கிறது. ஆகவே ஒரே ஆய்வுக்குழுவில் எம்.டி.யும் பிஎச்.டி.யும் சரிசமமாக உழைத்திருந்தாலும், நாளிதழ் நடையில் எழுதிய செய்தியில் ஒருவர் டாக்டர், மற்றவர் வெறும் பெயர். கல்வி நிறுவனத்துக்குள் இது பொருந்தாது என்று கண்டு பல கையேடுகள் இந்த ஓரிடத்தில் நாளிதழ் விதியைக் கைவிட்டு இருவரையும் ஒன்றாக நடத்துகின்றன.

எழுத்தில் விதி இருந்தும் பேச்சில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மருத்துவக் கருத்தரங்குகளில் பேச்சாளரை அறிமுகப்படுத்தும் பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஆண்கள் ஆண் பேச்சாளரை அறிமுகப்படுத்தியபோது 72 விழுக்காட்டில் பட்டத்தோடு அழைத்தார்கள். பெண் பேச்சாளர் என்றால் அது 49 விழுக்காடாகச் சரிந்தது. பெண்கள் அறிமுகப்படுத்தியபோது இருபாலருக்கும் பட்டம் கிடைத்தது, ஏறத்தாழ எப்போதும். அழைத்தவர்களில் பலர் மரியாதைக் குறைவாக நினைத்து அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். வழக்கம் அவர்கள் வாயில் பேசியது.

ஆட்களின் பெயரில் கையேடுகள் காட்டும் கண்டிப்பு நிறுவனங்களின் பெயர்களிலும் உண்டு. மருத்துவமனைக்குப் பெயர் தந்த பால்டிமோர் வணிகர் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் முதற்பெயர் ‘ஜான்’ அன்று. கொள்ளுப்பாட்டியின் குடும்பப்பெயரான ‘ஜான்ஸ்’. நியூயார்க்-பிரஸ்பிட்டீரியன் மருத்துவமனை 1998 இணைப்புக்குப் பின் ஆங்கிலத்தில் ‘நியூயார்க்’கை இடைவெளியில்லாமல் ஒரே சொல்லாக எழுதுகிறது. அதே ஆண்டு கார்னெல் மருத்துவக் கல்லூரியின் பெயரில் கொடையாளர் வைலின் பெயர் சேர்ந்தது. வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அங்கே 1899இல் பட்டம் பெற்றவர். அவர் படித்தது ‘வைல் கார்னெல்’ என்று எழுதினால் அது பிழை. அந்தந்தக் காலத்துப் பெயரைத்தான் எழுத வேண்டும்.

குடும்பப்பெயர் இல்லாதவர்கள்

1879இல் ஜான் ஷா பில்லிங்ஸ் ‘இண்டெக்ஸ் மெடிகஸ்’ என்ற மாத அட்டவணையைத் தொடங்கி, உலக மருத்துவ இலக்கியத்தை வரிசைப்படுத்தினார். குடும்பப்பெயர் முன்னே, மற்றப் பெயர்களின் முதலெழுத்து பின்னே என்ற முறை அந்த அட்டவணை மரபிலிருந்து இன்றைய இணைய அட்டவணையான பப்மெட் வரை தொடர்ந்து வந்திருக்கிறது. ஐரோப்பியப் பெயருக்கு அது பொருந்தியது. தமிழ்ப் பெயருக்கு?

சுப்பிரமணியன் என்பவரின் மகள் கயல்விழி என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் சு. கயல்விழி. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் தந்தை பெயரை நிரப்புகிறார். அமெரிக்க மருத்துவமனையில் ‘இரண்டாம் குறிப்பில் குடும்பப்பெயர்’ என்ற விதிப்படி அவர் ‘டாக்டர் சுப்பிரமணியன்’ ஆகிறார். இரவெல்லாம் கண்விழித்து அவர் செய்த ஆய்வு, செய்தி அறிக்கையில் அப்பாவின் பெயரில் வெளியாகிறது. ஊரில் இருந்தபோது எழுதிய கட்டுரை பப்மெட்டில் ‘கயல்விழி சு’ என்றும், அமெரிக்காவில் எழுதியது ‘சுப்பிரமணியன் க’ என்றும் பதிவாகின்றன. தேடுபவர் கண்ணுக்கு இவர்கள் இரண்டு ஆட்கள்; இருவருக்கும் பாதிப் பாதி உழைப்பு. மணமான பின் கணவர் பெயர் சேர்ந்தால் மூன்றாவது ஆளும் வருவார்.

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2002 முதல் ஆசிரியரின் முழுப்பெயரையும் பதியத் தொடங்கியது. 2012இல் வந்த ஆர்கிட் என்ற 16 இலக்க எண், பெயர் எத்தனை வடிவில் இருந்தாலும் ஆள் ஒருவரே என்று காட்டுகிறது. 2020ஐ ஒட்டிப் பல பதிப்பகங்கள், வெளியான கட்டுரையிலும் ஆசிரியர் தம் பெயரை மாற்றிக்கொள்ள அனுமதித்தன. பெயரை எப்படி எழுத வேண்டும் என்று உரியவரையே கேளுங்கள் என்ற விதியைச் சேர்த்த கையேடுகளும் வந்துவிட்டன.

கேட்பவர்களுக்குச் சொல்ல நம்மிடம் விடை தயாராக இருக்க வேண்டும். முதல் கட்டுரையை அனுப்பப்போகும் மருத்துவ மாணவர்கள், ஆய்வாளர்கள் எல்லோரும் தம் பெயரின் ஒரே ஆங்கில வடிவத்தை அன்றே முடிவுசெய்து, ஆர்கிட் எண்ணில் பதிந்து, கடைசிக் கட்டுரை வரை அதையே பயன்படுத்துங்கள். இரண்டாம் குறிப்பில் எந்தப் பெயரால் உங்களைச் சுட்ட வேண்டும் என்பதையும் பதிப்பாசிரியருக்கு எழுதி அனுப்புங்கள்.