விண்ணொலி கேட்ட கம்பி

வானொலி தெளிவாகக் கேட்க நாம் கூரைக்கு மேல் ஏரியல் கம்பி கட்டியதுண்டு. அத்தகைய கம்பி வரலாற்றில் செய்த வேலையை இன்று பார்ப்போம்.

1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் துணைக்கோளை ஏவியது. 83.6 கிலோ எடையுள்ள அந்த உலோக உருண்டை 20, 40 மெகாஹெர்ட்ஸ் அளவுகளில் ‘பீப், பீப்’ என ஒலி அனுப்பியது. பல நாட்டு வானொலி ஆர்வலர்கள் அதை வீட்டிலிருந்தே கேட்டனர்.

எப்படி? 20 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 15 மீட்டர். அதில் பாதியளவு, ஏறத்தாழ 7 மீட்டர் கம்பி போதும். அதை நடுவில் வெட்டி, இரு துண்டுகளையும் வானொலிப் பெட்டியோடு இணைக்க வேண்டும். பக்கவாட்டில் வரும் அலை நன்கு கேட்கும். முனைப்பக்கம் வருவது மங்கும். ஆகவே, கோள் வரும் திசையறிந்து, தகரக் கூரையைவிட்டு விலக்கி, உயரத்தில் கட்ட வேண்டும்.

இங்கிலாந்தின் கெட்டரிங் நகரப் பள்ளி ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரி, மாணவர்களுடன் சோவியத் கோள்களின் ஒலியைக் கேட்டு, நேரத்தைக் குறித்து வந்தார். 1966இல் ஒரு கோளின் பாதை, தெரிந்த ஏவுதளத்தோடு பொருந்தவில்லை. கணக்கிட்டுப் பார்த்தனர். சோவியத் நாடு வெளியில் சொல்லாதிருந்த பிளெசெட்ஸ்க் ஏவுதளம் உலக மக்களுக்குத் தெரியவந்தது!

பெற்றோர்களே, பிள்ளை கம்பியும் கையுமாக நின்றால் கடிந்து கொள்ளாதீர்கள். மின்கம்பி அருகில் மட்டும் போகவிடாதீர்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுங்கள்.