பசியும் உடைமையுறவும்: இலங்கையின் 1973–75 உணவு நெருக்கடி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

வறிய நாடுகளின் பசி பற்றிய விளக்கங்கள் பொதுவாக மூன்று காரணங்களைச் சுற்றியே அமைந்துவந்துள்ளன. மழை பொய்த்தது என்பது ஒன்று. மக்கட்டொகை பெருகியது என்பது மற்றொன்று. அம்மக்கள் பழைய முறையிலேயே பயிர் செய்கின்றனர் என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் அடியிலே ஒரே கருத்துத்தான் உள்ளது. பசி என்பது தானியக் குறைவு என்பதே அது. அவ்வாறாயின், தானியம் மிகுந்த நாடுகள் அதனைக் கப்பலில் அனுப்பிவைப்பதே பரிகாரம் என்ற முடிபும் எளிதிற் பிறந்துவிடுகிறது.

தமிழிற் பசியைப் பொருளாகக் கொண்ட தலையாய காவியம் மணிமேகலை. அதிலே வரும் ஆபுத்திரனிடம் எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி உண்டு. ஆயினும் பாண்டிநாட்டில் மழை பெய்து விளைவு பெருகியதும் அப்பாத்திரத்திற்கு வேலையில்லாமற் போகிறது. நயினாதீவு எனச் சிலர் கருதும் மணிபல்லவத்திலே அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு அவன் உயிர்துறக்கிறான். கொடையினால் தீர்க்கப்படும் பசி தற்காலிகமாகவே தீர்கிறது என்பதைக் காவியம் உணர்ந்திருந்தது எனலாம். ஆனால் விளைந்த வயல் எவருடையது, அறுத்தவர் கையில் எஞ்சியது எவ்வளவு என்னும் வினாக்களை அது எழுப்பவில்லை. உலக உணவுதவி பற்றிய நவீன காலப் பேச்சிலும் இவ்வினாக்கள் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டே வந்துள்ளன.

அவ்வினாக்களை 1973–75 காலப்பகுதியின் இலங்கை அனுபவத்தைக்கொண்டு எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அக்காலப்பகுதியில், ஒரே அரசாங்கத்தின் ஒரே பொருளாதாரக் கொள்கையின் கீழ், மலையகத்திலே தோட்டத் தொழிலாளர் பசியால் மடிந்தனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டோர் முன்னர் காணாத வருவாயைக் கண்டனர். இவ்விரண்டையும் தனித்தனியே எழுதிய வரலாறுகள் உண்டு. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதே பசியின் காரணம் தெளிவாகின்றது.

2

இலங்கை தனக்கு வேண்டிய அரிசியை வெளியிலிருந்து வாங்கும் நாடாக மாறியது இயற்கையின் விளைவன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முப்பதுகளிலிருந்து மலைநாட்டின் காடுகளும் பொதுநிலங்களும் முதலிற் கோப்பிக்கும், கோப்பி நோயினால் அழிந்தபின் தேயிலைக்கும் ஒப்படைக்கப்பட்டன. ஏற்றுமதிப் பயிருக்கு அரசு பாதையும் புகையிரதமும் அமைத்துக்கொடுத்தது. நெல் விளைவிப்போனிடமிருந்தோ வரியை வாங்கியது. 1880களில் வலப்பனையில் நெல்வரி கட்ட இயலாத குடியானவர்கள் தம் வயல்களை இழந்தனர். அவர்களிடையே பட்டினிச் சாவுகளும் நேர்ந்தன. அவ்வரி 1892 இலேயே நீக்கப்பட்டது. தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்குரிய அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது. இவ்வாறு தேயிலையை விற்று அரிசியை வாங்கும் பொருளாதாரம் ஒன்று உருவாயிற்று. இவ்விரண்டின் விலையையும் தீர்மானிக்கும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை.

குடாநாடும் இவ்வமைப்பிற்குப் புறம்பானதன்று. ஆறுகளற்ற இச்சுண்ணக்கல் நிலத்தின் உழவர் ஒல்லாந்தர் காலத்திலிருந்தே புகையிலை பயிரிட்டுத் திருவிதாங்கூருக்கு அனுப்பினர். அரிசியை வெளியிலிருந்து பெற்றனர். ஒடியற் கூழும் பனங்கிழங்கும் இங்கு ஏழைகளின் உணவாக நிலைபெற்றமையின் பின்னணி இதுவே.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமானதும், பர்மிய அரிசியின் வரவு நின்றது. அவ்வாண்டிலேயே அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. போர்க்கால ஏற்பாடாகத் தொடங்கிய கூப்பன் அரிசி, காலப்போக்கில் மக்கள் தம் உரிமையாகக் கருதிய ஒன்றாயிற்று. கொரியப் போரையொட்டி அரிசி விலை உயர்ந்து இறப்பர் விலை வீழ்ந்தபோது, 1952 டிசம்பரில் சீனாவுடன் அரிசி–இறப்பர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆண்டுதோறும் 270,000 மெற்றிக் தொன் அரிசிக்கு 50,000 மெற்றிக் தொன் இறப்பர் என்பது அதன் அடிப்படை. கம்யூனிச எதிர்ப்பிற் பெயர்பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கமே இதனைச் செய்தது என்பதும், இதன் காரணமாக அமெரிக்க உதவி மறுக்கப்பட்டது என்பதும் கவனத்திற்குரியவை.

அதே அரசாங்கம் 1953 ஜூலையில் ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. உணவு மானியத்தைக் குறைக்குமாறு உலக வங்கித் தூதுக்குழு ஏற்கெனவே ஆலோசனை கூறியிருந்தது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் நடந்த ஹர்த்தால் நாட்டை நிலைகுலையச் செய்தது. துப்பாக்கிச் சூட்டிற் சிலர் இறந்தனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பங்கீட்டரிசி ஆட்சியாளரின் கொடையன்று, போராட்டத்தாற் காக்கப்பட்ட உரிமை என்பதை அந்நிகழ்ச்சி நிலைநாட்டியது.

3

1972 இல் பல நாடுகளில் விளைவு குன்றியதையும் சோவியத் ஒன்றியம் பெருமளவு கோதுமையை வாங்கியதையும் தொடர்ந்து உலகச் சந்தையில் தானிய விலை ஏறத்தொடங்கியது. 1973 இன் இறுதியில் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. உரத்தின் விலையும் உடன் உயர்ந்தது. தேயிலை விலை இவ்வாறு ஏறவில்லை. அந்நியச் செலாவணி வற்றிய நிலையில் ஐக்கிய முன்னணி அரசாங்கம் பங்கீட்டின் அளவைக் குறைத்தது. கோதுமை மாவின் விலையும் பாணின் விலையும் உயர்ந்தன. 1971 இல் நிறுவப்பட்ட நெல் சந்தைப்படுத்தும் சபையே நெல்லைக் கொள்வனவு செய்யும் உரிமையைப் பெற்றிருந்தது. மாவட்ட எல்லைகளைத் தாண்டி அரிசி கொண்டுசெல்வதும் கட்டுப்படுத்தப்பட்டது.

நெல்வயலுடைய குடியானவருக்கு உண்ண நெல்லிருந்தது. தென்னையும் பலாவும் மரவள்ளியும் உடைய கிராமத்தவருக்கு ஓரளவு மாற்றுணவு இருந்தது. தோட்டத் தொழிலாளரிடமோ உழைப்பைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. குடியிருந்த லயன் அறையும் தோட்டத்துக்கு உரியது. வேலைநாட்கள் குறைந்தன, முழுப்பேர் கிடையாது அரைப்பேருடன், அதாவது பாதி நாட்கூலியுடன், திரும்பிய நாட்கள் பலவாயின. பங்கீடு குறைந்தபோது எஞ்சிய உணவை வெளிச்சந்தையில் வாங்கும் வலு அக்கூலிக்கு இருக்கவில்லை. 1974 இல் நாட்டின் இறப்பு வீதம் உயர்ந்தது. தோட்டப் பகுதிகளில் அவ்வுயர்வு ஏனைய பகுதிகளைவிட மிகக் கூடுதலாயிருந்தது.

இவர்கள் ஏன் தடுக்கும் வலுவற்றிருந்தனர் என்பதும் வரலாற்று வினாவே. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களிற் பெரும்பாலானோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கிவிட்டன. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1972 ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் உச்சவரம்பு விதித்தபோதும், அந்நிலத்தில் உழைத்தவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. 1953 இல் அரிசி விலைக்காக ஓர் அரசாங்கத்தின் தலைவரை வெளியேற்றிய நாட்டில், வாக்கில்லாதோரின் பசி ஆட்சியை அசைக்கவில்லை.

4

இதே காலத்திற் குடாநாட்டில் நிகழ்ந்தது யாது? செலாவணியைச் சேமிக்கும்பொருட்டு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டது அல்லது கட்டுப்படுத்தப்பட்டது. கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் முதலிய ஊர்களின் செம்மண் தோட்டங்கள் தென்னிலங்கைச் சந்தைக்குப் பொருள் வழங்கின. துலா மிதித்து நீர் இறைத்த கிணறுகளில் இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டங்களிற் படித்த வாலிபர் செத்தல் மிளகாயிற் பெரும்பணம் ஈட்டினர். இன்றும் முதியோர் பலர் அக்காலத்தை விவசாயியின் பொற்காலமென நினைவுகூர்வர்.

அந்நினைவு பொய்யன்று, ஆனால் அது காணியுடையோரின் நினைவு. குடாநாட்டின் காணியிற் பெரும்பகுதி வெள்ளாளரிடம் இருந்தது. தாழ்த்தப்பட்ட சாதியினர் குத்தகைக்காரராகவும் கூலிகளாகவும் அத்தோட்டங்களில் உழைத்தனர். வெங்காயம் நட்டும் களைபிடுங்கியும் வாழ்ந்த பெண்களின் கூலி ஆண்களின் கூலியிலும் குறைந்ததாகவே இருந்தது. விலையேற்றத்தின் பயன் காணியின் வழியே பங்கிடப்பட்டது.

இவ்விரு நிலங்களும் சந்தித்த இடம் ஒன்றுண்டு. பசியினாலும், பின்னர் 1977 இன் வன்செயலினாலும் மலையகத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து சேர்ந்தன. அவர்களிற் பலர் யாழ்ப்பாணத்தவரின் வயல்களிலும் மிளகாய்த் தோட்டங்களிலும் கூலிகளாயினர். அவர்களின் பிள்ளைகள் குடாநாட்டு நடுத்தர வகுப்பினரின் வீடுகளில் வேலைக்கு விடப்பட்டனர். அவ்வீடுகளில் 'தோட்டக்காட்டார்' என்ற சொல் வழங்கிய தொனியை நாம் அறிவோம். மொழியால் ஒன்றுபட்டோரிடையேயும் பசி மலிவான உழைப்பாக மாற்றப்பட்டமை, இன ஒற்றுமை பற்றிய நமது பேச்சுக்களில் இடம்பெறாத செய்தியாகும்.

5

1974 நவம்பரில் உரோம் நகரில் உலக உணவு மாநாடு கூடியது. பத்தாண்டுகளுள் எந்தக் குழந்தையும் பசியுடன் உறங்கச் செல்லாத நிலை ஏற்படவேண்டுமென அமெரிக்க இராசாங்கச் செயலாளர் ஹென்றி கிசிஞ்சர் அங்கு இலக்கு வகுத்தார். அவ்வாண்டிலேயே வங்காளதேசத்திற் பஞ்சம் நிலவியது. கியூபாவுக்குச் சணற்சாக்கு விற்றதைக் காரணங்காட்டி அந்நாட்டுக்குரிய அமெரிக்க உணவுதவி தாமதிக்கப்பட்டது. இலங்கையும் இவ்வழியை அறிந்திருந்தது. எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்கள் அரசுடைமையாக்கப்பட்டதன்பின், 1963 இல் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டது. 1954 ஆம் ஆண்டின் அமெரிக்கப் பொதுச்சட்டம் 480 இன் கீழ் வந்த கோதுமை, அந்நாட்டின் மிகைவிளைவுக்குச் சந்தை தேடும் கருவியுமாகும். இதற்கு மாறாக, 1974 இல் இலங்கை முன்வைத்த உலக உரநிதி யோசனை உற்பத்தியைக் குறித்தது. அது முன்வைக்கப்பட்ட வடிவில் நிறைவேறவில்லை.

உதவி முற்றாகப் பயனற்றது என்பது நமது கருத்தன்று. 1973 இல் தொடங்கிய திரிபோஷா மா பல தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் ஊட்டமளித்தது. ஆனால் குறைந்த கூலியையும் மறுக்கப்பட்ட நிலத்தையும் வாக்கையும் அது தொடவில்லை. பஞ்சங்களில் தானியத்தின் மொத்த அளவைவிட அதனைப் பெறும் உரித்தே முதன்மையானது என்பதை அமர்த்தியா சென் 1981 இல் விரிவாக நிறுவினார். வங்காளதேசத்தில் 1974 இல் தலைக்குக் கிடைத்த தானியம் அண்மைய ஆண்டுகளிலும் கூடுதலாயிருந்தது என்பது அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. அவ்வுரித்தை உடைமையுறவுகளே வகுக்கின்றன என்பதை நாம் இதனோடு சேர்த்துக்கொள்ளவேண்டும்.

1977 இன் பின்னர் நிகழ்ந்தவை இதனையே வலியுறுத்துகின்றன. இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் குடாநாட்டு மிளகாய், வெங்காய உழவர் வீழ்ச்சியுற்றனர். 1953 இல் மக்கள் காத்த பங்கீடு, 1979 இல் சர்வதேச நிதிநிறுவனங்களின் ஊக்குவிப்புடன் உணவு முத்திரையாக மாறியது. முத்திரையின் பணப்பெறுமதி நிலையாயிருக்க விலைகள் ஏறின. 1990 இலிருந்து குடாநாடு பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருளும் உரமுமின்றி வாழ்ந்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது அதே நிலை மீண்டது. 2009 பெப்ரவரியில் வன்னியில் எஞ்சியோர் 70,000 பேரளவினர் என அரசு கூறியது. போரின் முடிவில் முகாம்களில் இருந்தோர் ஏறக்குறைய 290,000 பேர். உணவு எந்த எண்ணுக்கு அனுப்பப்பட்டது என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம். ஐக்கிய நாடுகளின் பணியாளர் 2008 செப்டெம்பரிலேயே கிளிநொச்சியை விட்டு வெளியேறியிருந்தனர். 2021 இன் உர இறக்குமதித் தடையையும் 2022 ஏப்ரலின் கடன் முறிவையும் அடுத்து, 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆகியது. அப்போதும் நாட்கூலியை நம்பியோரே முதலிற் பட்டினி கிடந்தனர்.

6

ஆகவே பசியின் வரலாற்றை எழுதுவோர் களஞ்சியத்தின் அளவோடு நின்றுவிடலாகாது. நிலம், கூலி, வாக்கு, பாதை ஆகியவை எவர் கையில் இருந்தன என்பதையும் அவர்கள் ஆராயவேண்டும். 1974 இல் மலையகத்தில் மடிந்தோருக்கு நினைவுச்சின்னம் இல்லை. அவர்களைப் பற்றிய முழுமையான தமிழ் நூல் ஒன்றும் நம் பாடத்திட்டங்களில் இடம்பெறவில்லை. தோட்டங்களின் பிறப்பு இறப்புப் பதிவேடுகளும், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வாழும் அத்தலைமுறையினரின் வாய்மொழிகளும் இன்னும் திரட்டப்படக்கூடியனவே. அவர்களிற் பலர் எண்பதை அண்மிவிட்டனர். யாழ்ப்பாணத்து ஆய்வாளர் அப்பணியை மேற்கொள்ளும்போது, தம் பாட்டன்மாரின் மிளகாய்த் தோட்டங்களில் உழைத்தவர் எவர் என்ற வினாவையும் உடன்கொண்டு செல்லுதல் வேண்டும்.