திருமலையில் படம் எடுக்க வேற இடம் இல்லையா?

போன லீவுக்குக் கொழும்பிலிருந்து வந்த நண்பி ஒருத்தி ரெண்டு நாள் ஊர் சுத்திப்போட்டுக் கேட்டாள்: "எல்லாரும் எடுக்கிற படம்தான் என்னட்டயும் இருக்கு. வேற இடம் ஒண்டும் இல்லையா?"

அவளின் ஃபோனை வாங்கிப் பார்த்தேன். இராவணன் வெட்டு, கோணேசர் கோயிலின் பெரிய சிவன் சிலை, கோட்டைக்குள் மான், புறாமலைக் கடல். திருகோணமலை என்று தேடினால் இன்ஸ்டாவில் வரும் அதே நாலு படங்கள்.

"இருக்கு. ஆனா கதை தெரியாட்டி அங்க எடுக்க ஒண்டுமில்ல மாதிரித்தான் இருக்கும்" என்றேன். அடுத்த நாள் காலையிலேயே வெளிக்கிட்டோம்.

முதலில் பிரெட்ரிக் கோட்டை வாசல். கோயிலுக்குப் போகும் எல்லாரும் இதைக் கடந்துதான் போகிறார்கள்; நின்று பார்ப்பவர்கள் குறைவு. வாசல் நிலைக்கல்லில் இரண்டு மீன்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன, பாண்டியரின் சின்னம். கூடவே தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். 1622இல் போர்த்துக்கேயர் மலையில் இருந்த பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். 1803இல்தான் யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயர் இதற்கு வந்தது. அதாவது, கோயிலுக்குப் போகிற வழியிலேயே பழைய கோயிலின் துண்டொன்றைக் கடந்து போகிறோம்.

படம் எடுக்க ஒரு சின்ன வழி: நேர் வெளிச்சத்தில் இந்த எழுத்துகள் தெரியாது. ஃபோன் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழும், எழுத்து எழும்பி வரும். ஒன்று மட்டும் கவனம். கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருக்கிறது, முகாம் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

மேலே போனால் நாங்கள் இன்று கும்பிடும் கோயில். இது திறக்கப்பட்டது 1963இல். எல்லாரும் மலை விளிம்பில் நின்று கீழே கடலைப் படம் எடுப்பார்கள். 1956இல் ரெண்டு பேர் அந்தக் கடலுக்குள்ளேயே இறங்கினார்கள்: விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரின் கூட்டாளி மைக் வில்சனும். மலையடியில் தண்ணீருக்குள் செதுக்கிய கற்களும் தூண்களும் கிடப்பதைக் கண்டார்கள். அடுத்த வருடம் கிளார்க் அதைப் புத்தகமாகவும் எழுதினார். எல்லாரும் எடுக்கிற அந்த நீலக் கடல் படத்துக்கு அடியில் பழைய கோயிலின் மிச்சம் கிடக்கிறது.

கோட்டையை விட்டு இறங்கி முற்றவெளிப் பக்கம் வந்தால் பழைய புனித ஸ்டீபன் கல்லறைத் தோட்டம். இங்கே புதைக்கப்பட்டவர்களில் ஒருவர் கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஒஸ்டின். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் கடைசித் தம்பி. 1852இல் பர்மா யுத்தத்துக்குப் போன இடத்தில் வாந்திபேதி வந்து இறந்தார். பர்மாவில் இறந்தவர் ஏன் திருமலையில் கிடக்கிறார்? வங்காள விரிகுடாவில் ஆங்கிலேயக் கடற்படைக்கு இதுதான் வீடு மாதிரி இருந்தது.

பின்னேரம் மற்றப் பக்கம் போனோம். திருமலை நகரம் ரெண்டு தண்ணிக்கு நடுவில் இருக்கும் ஒடுங்கின நிலம். கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். காலையில் ஒரு கரையில் சூரியன் எழும்புவதை எடுத்துவிட்டு, மாலையில் மற்றக் கரையில் அது விழுவதையும் எடுக்கலாம், நடந்து போகிற தூரம்தான். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் கிழக்குக் கரையோடு நின்றுவிடுகிறார்கள். உட்துறைமுக வீதியில் நின்றால் மீன் வள்ளங்கள், அதற்குப் பின்னால் மா ஆலை, சீமெந்து ஆலை, அதற்கும் பின்னால் சீனக்குடாக் காடு.

அந்தக் காட்டுக்குள்தான் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள், 99 மிஞ்சியிருக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது ஒரு விமானம் தாங்கி ஒன்றின் மேலேயே விழுந்தது. தாங்கி நாள்கணக்காக எரிந்தது. உருகி நெளிந்த இரும்பு இன்றும் கிடக்கிறது, உள்ளே போவதென்றால் அனுமதி வேண்டும். நம்மட துறைமுகத்தில் பாதி இப்படித்தான், தூர நின்றுதான் பார்க்கலாம். 1957இல் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள், ஆனால் வேலி போகவில்லை.

இருட்டுகிற நேரம் கடைசி இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடற்கரையில் காந்தி சிலையடி. கச்சான் விற்கிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள். "இதில என்ன இருக்கு?" என்றாள்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை எங்கட வயதுப் பெடியன்கள் இந்த இடத்தில் கூடியிருந்தார்கள். அதில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்துச் செத்ததாகப் படைத்தரப்பு முதலில் சொன்னது. சுடர் ஒளி பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் உடல்களைப் படம் எடுத்தார். துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அந்தப் படங்களில் தெளிவாகத் தெரிந்தன. பொய் நிற்கவில்லை. அதே மாதம் 24ஆம் திகதி அவர் நகரத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் வழக்கில் சந்தேகநபர்கள் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள்.

இந்த ஊரில் எடுக்கப்பட்ட மிக முக்கியமான படங்கள் அவைதான். அவற்றில் கடலும் இல்லை, சூரியனும் இல்லை.

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கச்சான்காரர், பிள்ளைகள், சிலை, பின்னால் கடல் எல்லாம் வர ஒரு படம் எடுத்தாள். பார்க்க சாதாரணமான படம்தான்.

நீங்களும் வாங்கோ. இராவணன் வெட்டில் செல்ஃபியும் எடுங்கோ, பிழையில்லை. ஆனால் இந்த இடங்களையும் எடுத்து, கீழே ரெண்டு வரி எழுதிப்போடுங்கோ: எந்த இடம், எந்தத் திகதி, அங்க என்ன நடந்தது. கல்லில் எழுதினதே தேயுது. படத்துக்குக் கீழ எழுதாமல் விட்டால், பத்து வருசத்தில காந்தி சிலையடி வெறும் கச்சான் சாப்பிடுகிற இடமாக மட்டும்தான் மிஞ்சும்.