நான் வரைந்த காளான் மேகம்

1998ஆம் ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பு. அந்த ஒரே ஆண்டில் இரண்டு போட்டிகளில் முதல் பரிசு வாங்கினேன். மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்திருந்தது. ஜூனில் பள்ளி திறந்ததும் அதைப் பாராட்டி ஒரு பேச்சுப்போட்டி வைத்தார்கள். யாரோ எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து, கையை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தி, பேசி முடித்தேன். இரண்டு மாதம் கழித்து ஹிரோஷிமா நாளையொட்டி ஊரில் ஓர் ஓவியப்போட்டி. அதிலும் முதல் பரிசு எனக்கே. குண்டு வேண்டும் என்றதற்கு ஒரு சான்றிதழ், வேண்டாம் என்றதற்கு ஓர் எவர்சில்வர் தூக்குவாளி. இரண்டுக்கும் நடுவே ஏதோ இடிக்கிறது என்று எனக்கும் தோன்றவில்லை, கைதட்டியவர்களுக்கும் தோன்றவில்லை.

அந்த ஓவியம் இப்போது என்னிடம் இல்லை. ஆனால் நன்றாக நினைவிருக்கிறது. சார்ட் அட்டையில் முக்கால் பங்கு காளான் மேகம். போஸ்டர் கலரில் ஆரஞ்சு, அதன்மேல் மஞ்சள், ஓரங்களில் கருப்பு. அடியில் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல வீடுகள். மேல் மூலையில் இலையைக் கவ்விய வெள்ளைப் புறா. படத்தில் ஓர் ஆள்கூட இல்லை. முதலில் நான்கைந்து பேரைப் பென்சிலால் போட்டிருந்தேன். "மனுசங்களப் போட்டா அனாட்டமி கெட்டுப்போகும், மார்க் போயிடும், அழிச்சிரு" என்று டிராயிங் சார் சொன்னார். அழித்துவிட்டேன். அவர் சொன்னது போட்டிக்கு நல்ல யோசனைதான்.

பல ஆண்டுகள் கழித்து நானும் ஒரு பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை ஆனேன். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. கணக்கு டீச்சருக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது என் வகுப்புதான். போட்டி என்று சுற்றறிக்கை வந்தால் மட்டும் தலைமையாசிரியர் என்னைத் தேடி வருவார். அப்படி ஓர் ஆகஸ்டில், பிள்ளைகளுக்குக் காட்ட மாதிரிப் படங்கள் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஹிரோஷிமாவின் மொத்தோமச்சி உயர்நிலைப்பள்ளி மாணவிகள் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியங்கள் கண்ணில் பட்டன. மாணவர்களும் வரைகிறார்கள், ஆனால் நான் பார்த்த வகுப்பறைப் புகைப்படங்களில் தூரிகையோடு நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்பிள்ளைகள்.

அந்த ஓவியங்களில் காளான் மேகத்தைத் தேட வேண்டியிருக்கிறது. தெரிவதெல்லாம் தரை. தோல் உரிந்த கைகள் உடம்பில் படாதபடி முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பவர்கள், ஆற்றை நிறைத்த உடல்கள், தண்ணீர் கேட்கும் முகங்கள். பார்ப்பவரின் கண் அந்தத் தெருவிலேயே, அந்தப் படித்துறையிலேயே இருக்கிறது.

என் படத்தில் என் கண் எங்கே இருந்தது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். மேகத்தின் முழு உருவமும் தெரிய வேண்டுமானால் ஆகாயத்தில் இருக்க வேண்டும். உலகமெங்கும் பரவிய அந்தப் புகழ்பெற்ற ஹிரோஷிமாப் புகைப்படம் விமானத்திலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்தவர், குண்டு வீசிய விமானத்தின் வால்பகுதியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த ஜார்ஜ் கேரன். நான் பாடப்புத்தகத்திலிருந்து பார்த்து வரைந்தது அந்த வகைப் படம்தான். குண்டு போட்டவரின் இருக்கையில் உட்கார்ந்து சமாதான ஓவியம் வரைந்திருக்கிறேன். புறாவும் அதே உயரத்தில்தான் பறந்தது.

கீழேயிருந்து எடுத்த படங்கள் ஏன் நமக்கு வரவில்லை? மிகக் குறைவு என்பதுதான் முதல் காரணம். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்குக் குண்டு விழுந்தது. பத்திரிகைப் புகைப்படக்காரர் மட்சுஷிகே யோஷித்தோ அன்று கையில் கேமராவோடு ஹிரோஷிமாவில் இருந்தார். மியுகி பாலத்தருகே எரிந்த உடல்களோடு உட்கார்ந்திருந்த பள்ளிப்பிள்ளைகளைப் பார்த்து, வெகுநேரம் அவரால் பொத்தானை அழுத்த முடியவில்லை. நாள் முழுக்க நகரத்தில் அலைந்தும் அவரிடம் மிஞ்சியவை ஐந்து படங்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்துபோன ஒரு நகரத்துக்கு, முதல் நாளின் தரைமட்டச் சாட்சியமாக ஐந்து படங்கள்.

மற்றதெல்லாம் பிழைத்தவர்களின் கண்ணுக்குள் இருந்தது. 1974இல் 77 வயது முதியவர் ஒருவர் தாம் அன்று கண்டதைத் தாமே வரைந்து ஹிரோஷிமாவின் என்.எச்.கே. வானொலி தொலைக்காட்சி நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். 'நீங்களும் வரைந்து அனுப்புங்கள்' என்று நிலையம் அறிவித்தது. இரண்டு ஆண்டில் 2,200க்கு மேற்பட்ட படங்கள் வந்து சேர்ந்தன. வரையத் தெரியாதவர்கள் வரைந்தவை. கிரேயான், கலர் பென்சில், பேனா, எது கைக்குக் கிடைத்ததோ அது. இடம் போதாமல் படத்தின் மேலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். எந்த ஓவியப்போட்டியிலும் இவை முதல் சுற்றைத் தாண்டாது.

இந்த வரிசையின் தொடர்ச்சியாகத்தான் 2007இல் மொத்தோமச்சி மாணவிகள் வருகிறார்கள். அந்தப் பள்ளியில் கலைக்கென்றே தனிப்பிரிவு உண்டு. அமைதி அருங்காட்சியகத்தோடு சேர்ந்து நடக்கும் ஏற்பாடு இது: பிழைத்தவர் ஒருவர், அவரோடு பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை ஒருவர். பிழைத்தவர் சொல்லச் சொல்ல மாணவி குறிப்பெடுக்கிறாள், மாதிரி வரைகிறாள், காட்டுகிறாள். அவர் 'இல்லை, இப்படியில்லை' என்கிறார். திரும்ப வரைகிறாள். ஏறத்தாழ ஓராண்டு இழுக்கும் வேலை. அந்தக் காலத்து உடை எப்படி, சுவர் எப்படி இடிந்து கிடந்திருக்கும், வெந்த தோலுக்கு என்ன நிறம் என்று தேட வேண்டும். தோழியை நிற்கவைத்தோ தானே அந்த நிலையில் நின்றோ உடம்பின் வளைவைப் பிடிக்க வேண்டும். முடிந்த ஓவியம் அருங்காட்சியகத்துக்குப் போகிறது. பிழைத்தவர் தம் கதையைச் சொல்லும் கூட்டங்களில் அது கூடவே காட்டப்படுகிறது. இதுவரை இருநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் இப்படி வந்திருக்கின்றன.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 'இல்லை, இப்படியில்லை'தான். எங்கள் போட்டிகளில் நடுவர் நாற்காலியில் இருப்பவர் பெரும்பாலும் அந்தப் பொருளைப் பற்றி ஏதும் அறியாதவர். வங்கி மேலாளர், சங்கத் தலைவர், சில சமயம் நான். கோடு சுத்தமா, வண்ணம் வெளியே வழிந்ததா என்று பார்த்து முடித்துவிடுவோம். மொத்தோமச்சியில் நடுவர், அந்தத் தெருவில் நின்றவர். அவர் நிறத்தைத் திருத்தினால் அது ரசனை பற்றிய பேச்சல்ல.

பெண்பிள்ளைகள் இந்தக் கதைக்குள் 2007இல் நுழையவில்லை, 1945இலேயே இருந்தார்கள். ஜப்பானில் 1899இல் வந்த பெண்கள் உயர்நிலைப்பள்ளிச் சட்டத்தின் காலத்தில் பெண்கல்வியின் குறிக்கோளாகச் சொல்லப்பட்டது 'நல்ல மனைவி, அறிவுள்ள தாய்'. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? போர் முற்றியதும் அதே பள்ளிகளின் பிள்ளைகளை ஆலைகளுக்கும், தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலைக்கும் அனுப்பினார்கள். ஆகஸ்ட் 6 காலையிலும் ஹிரோஷிமாவின் நடுவில், வெட்டவெளியில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மாநகராட்சியின் முதலாவது பெண்கள் உயர்நிலைப்பள்ளி மட்டும் மாணவிகளும் ஆசிரியர்களுமாக 676 பேரை இழந்தது.

அவர்களுக்கு 1948இல் எழுப்பிய நினைவுக்கல் இன்றும் அமைதிப் பூங்காவுக்கு அருகே இருக்கிறது. மூன்று பெண்பிள்ளைகள் புடைப்புச் சிற்பமாக நிற்கிறார்கள். நடுவில் இருப்பவள் கையில் ஒரு பெட்டி. அதன்மேல் பொறித்திருப்பது ஐன்ஸ்டீனின் சூத்திரம். பிளஸ் டூவில் நாம் உருப்போட்ட 'ஈ ஈக்வல் டு எம்சி ஸ்கொயர்'. அப்போது ஜப்பான் அமெரிக்கப் படைகளின் ஆளுகையில் இருந்தது. அணுகுண்டு என்று கல்லில் வெட்ட முடியாத நிலை. செத்த பிள்ளைகளுக்குக் கல் வைக்கலாம், எதனால் செத்தார்கள் என்று சொல்லக் கூடாது. ஆகவே அந்தப் பெண் ஓர் இயற்பியல் சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கல்லின் படத்தை வகுப்பில் காட்டியபோது, "டீச்சர், இந்தப் பொண்ணு சயின்ஸ் குரூப்பா?" என்று கேட்டாள் ஒருத்தி. சிரித்துவிட்டு, பிறகு பதில் சொல்லத் திணறினேன்.

அந்தத் தடைக்காலத்திலேயே ஒரு பெண் இதை வரையத் துணிந்தார். மருகி தோஷி, 1912இல் பிறந்தவர். அவர் படித்தது தோக்கியோவின் பெண்கள் நுண்கலைப் பள்ளியில். 1900இல் அப்படியொரு பள்ளி தொடங்கக் காரணம், அரசின் தோக்கியோ நுண்கலைப் பள்ளி பெண்களைச் சேர்க்காததுதான். அதன் கதவு பெண்களுக்குத் திறந்தது 1946இல், போர் முடிந்தபிறகு. தோஷியும் கணவர் இரியும் குண்டு விழுந்த சில நாள்களிலேயே ஹிரோஷிமா போனவர்கள். 1950இல் 'ஆவிகள்' என்ற முதல் பலகையைக் காட்சிக்கு வைத்தார்கள். அடுத்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் 'ஹிரோஷிமா ஓவியங்கள்' பதினைந்து ஆயின. இரி நீர்மையில் பழகியவர். மனித உடம்பைக் கோட்டில் பிடிப்பதில் தேர்ந்தவர் தோஷி. ஆடை எரிந்துபோன உடம்புகள், கர்ப்பிணியின் வயிறு, தாய் மார்போடு கருகிய குழந்தை. பெண்ணுடம்பை அழகுப் பொருளாக்காமலும் கூசி மூடாமலும் வரைவது எப்படி என்று எனக்கு எந்த ஓவியப் பரீட்சையிலும் யாரும் சொல்லித்தரவில்லை.

தோஷி அதோடு நிற்கவுமில்லை. இந்த ஓவியங்களோடு அமெரிக்கா போனபோது, சீனர் ஒருவர் நான்ஜிங் படுகொலையை வரைந்து உங்கள் ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி வந்தது. 1972இல் குண்டில் இறந்த கொரியர்களைப் பற்றிய 'காகங்கள்', 1975இல் ஜப்பானியப் படை சீனப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் செய்ததைப் பற்றிய 'நான்ஜிங்' என்று இருவரும் வரைந்தார்கள். தம் பக்கத்துக் காயத்தை வரைந்து பேர் வாங்கியபிறகு, தம் பக்கத்தார் செய்ததை வரைவது வேறு வகைத் துணிச்சல். ஜூனில் பொக்ரானையும் ஆகஸ்டில் ஹிரோஷிமாவையும் புகழோடு கடந்த எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் முகம் சுருங்குகிறது.

மொத்தோமச்சி ஓவியங்களைப் பற்றி எனக்கு ஒரு சங்கடமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. மற்றவர் துயரத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, மனதில் சுமந்து, பத்திரப்படுத்துவது நம் வீடுகளில் யார் வேலை? செத்த வீட்டில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவர் யார்? ஒரு நகரத்தின் நினைவைப் பதினேழு வயதுப் பெண்பிள்ளைகளின் கையில் கொடுப்பதில் அந்தப் பழைய வேலைப் பிரிவினை எட்டிப்பார்க்கிறதோ என்று தோன்றுகிறது. பிணங்களின் படங்களோடு ஒரு வருடம் இருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற கவலையும் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். ஒப்பாரி சொன்ன நம் பாட்டிகளின் பேரை யாரும் எழுதிவைக்கவில்லை. இங்கே ஓவியத்தின் கீழே இரண்டு பேர்கள் இருக்கின்றன: சொன்னவர், வரைந்தவர். என் சான்றிதழில் என் பேரும் அப்பாவின் இனிஷியலும் இருந்தன. எனக்காகச் சொன்னவர் யாரும் இல்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை.

அவசரமும் உண்டு. குண்டில் பிழைத்தவர்களாக ஜப்பானிய அரசு அங்கீகரித்தவர்கள், ஹிபாகுஷாக்கள், 2025 மார்ச் கணக்கில் முதன்முறையாக ஒரு லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டார்கள். சராசரி வயது 86. 'இல்லை, இப்படியில்லை' என்று சொல்ல ஆள் இருக்கும்வரைதான் இந்த முறையில் வரைய முடியும்.

போன ஆகஸ்டில் ஓர் ஓவியப்போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். மேசை நிறைய சார்ட் அட்டைகள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதே ஆரஞ்சு மேகம், மூலையில் புறா. பாதியாவது வீட்டில் யூடியூப் பார்த்துப் பழகிக்கொண்டு வந்தவை என்று தெரிந்தது. பரிசுக்குத் தேர்வான பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இந்தப் படத்துல நீ எங்க நிக்கிற?" இரண்டு பேர் விழித்தார்கள். மூன்றாவது ஒன்பதாம் வகுப்புப் பெண். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், விரலை மேகத்துக்கு மேலே கொண்டுபோனாள்.

"இங்க, மிஸ். பிளேன்ல."

சொன்னபிறகு தானே சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் மைக்கில் பேர் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். முதல் பரிசு அவளுக்குத்தான் போனது. மேடையிலிருந்து இறங்கி வந்தவள், கேடயத்தைத் தோழியிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அந்தப் படத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். பரிசு பெற்ற படங்கள் அமைப்பாளருக்குச் சொந்தம் என்று விதிமுறையில் போட்டிருந்தது. கொடுக்கவில்லை.